பாத்தியாம்மாவின் கறுப்பு மீன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் தெருவில் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. பாத்தியாம்மா வீடு எது என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் காட்டும்.

யார் எதைச் சொன்னாலும் அந்த அம்மாள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. "நீ பாத்தியா?" கொஞ்சம் மரியாதைப்பட்டவர்களாக இருந்தால் "நீங்க பாத்தீங்களா?" அதற்கு மேல் சலுகை கிடையாது.

காலையில் தயிர்க்காரி கூடையை இறக்கும்போதே வாயையும் திறப்பாள். "சேதி தெரியுமா? தெருக்கோடி வீட்டுப் பொண்ணு யாரோடயோ சினிமா கொட்டாயில இருந்துச்சாம்."

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? எங்க ஓரகத்திதான்..."

"அப்ப ஒங்க ஓரகத்திய வரச் சொல்லு. நீ தயிர அள."

தயிர்க்காரிக்கு முகம் சுண்டிப்போகும். எனக்கும்தான். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் நான். பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறவளுக்கு ஊர் வம்பு நாலு வார்த்தை காதில் விழவேண்டாமா? அந்த வீட்டில் வம்பு வாசலோடு செத்துப்போகும். இப்படி ஒரு வீட்டிலா குடி வந்தோம் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கே மாட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தண்ணி உப்புன்னு சொல்றாங்களே" என்றார். அந்த அம்மாள் ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு நீட்டினார். இவர் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உப்புதாங்க."

"ஆமா, உப்புதான். இப்ப நீங்க சொல்லலாம்" என்று செம்பை வாங்கிக்கொண்டார். உப்புத் தண்ணீருக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவேண்டிய வீடு அது. இவருக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

நான் அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் எங்களை ஊர் பெயரால்தான் கூப்பிடுவார். நான் 'சிதம்பரம்'. எதிர்ப் பகுதியில் குடியிருந்த பட்டாளத்துக்காரர் பெண்டாட்டி 'புவனகிரி'. அவளுக்கு என்னைவிட இளம் வயசு. புருஷன் வருஷத்தில் ஒரு தடவை லீவில் வருவார். அத்தையின் வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் தலை காட்டுவார். ஆக, மற்ற நாளெல்லாம் பகலில் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்புறம் மீன்கள்.

மீன்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சைவ வீட்டுப் பெண். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற குடும்பம். வந்த புதிதில் துணி துவைக்கக் கொல்லைக்குப் போனவள், சிமெண்டுத் தொட்டிக்குள் கை விட்டேன். விரலை எதுவோ கொத்தியது. அலறிவிட்டேன். தொட்டி நிறைய விரல் நுனி அளவுக்கு மீன்கள். வாலில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் தோய்த்தது மாதிரி இருந்தது. தென்னைமரத்தடியில் சிமெண்டு பூசின குட்டை ஒன்று. அதிலும் மீன். உடைந்த கல்தொட்டியிலும் மீன்.

"கொழம்புக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"அய்ய, இதுங்கள கொழம்பு வச்சா நாக்குல ஒட்டக்கூடக் காணாது. கொழம்புக்குத் தேவனாம்பட்டினத்து மீன்காரி கொண்டாருவா. இது பாக்கறதுக்கு."

பாக்கறதுக்கு என்றால் அழகு பார்ப்பதற்கு என்றுதான் நான் நினைத்தேன். அப்படியில்லை. ஒரு தடவை மெட்ராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் மீன் விற்றவன், "இதுங்க முட்டை போடாதும்மா, குட்டி போடும்" என்று சொல்லியிருக்கிறான். அத்தை அவன் கடையை விட்டு நகரவில்லை. மீனாவது, குட்டி போடுவதாவது! நீ பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சொல்றாங்கம்மா என்றிருக்கிறான் அவன். அதுதான் அவன் செய்த தப்பு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வாங்கி வந்த மீன்கள்தான் தொட்டியும் குட்டையுமாகப் பெருகிக் கிடந்தன.

"அதான் இத்தனை குட்டி போட்டிருக்கே, இன்னுமா சந்தேகம்?" என்றேன்.

"குட்டி போட்டுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் சிதம்பரம். குட்டி இருக்குதுன்னுதான் சொல்லுவேன்."

"பின்ன எங்கேருந்து வந்துச்சாம்?"

"அதைத்தான் பாக்கணும்ங்கறேன்."

பார்க்க மட்டும் முடியவில்லை அவரால். வயிறு பெருத்த மீனை மத்தியானம் முழுக்கக் குத்த வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். உலை கொதிக்கிறதே என்று எழுந்து போய் அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வருவதற்குள் வயிறு வற்றியிருக்கும், பாசிக்குள் குட்டிகள் ஓடும். "போச்சு! இப்பவும் போச்சு!" என்று தொடையில் தட்டிக்கொள்வார். வருஷக்கணக்கில் இதே கதை. அவருக்கென்றே அவை நேரம் பார்த்துப் போடுகின்றனவோ என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்த மீன்களுக்கு அவர் செய்த சேவகம் கொஞ்சநஞ்சமில்லை. கொசுப்புழு கேட்டு வீடு வீடாகப் போவார். "ஒங்க பானையில புழு இருக்குதா? எடுத்துக்கிறேன்" என்று வெட்கமில்லாமல் கேட்பார். மார்கழிப் பனியில் தண்ணீர் குளிர்ந்தால் மீன்கள் அடியில் போய் அசையாமல் நிற்கும். குட்டைக்கு மேல் தென்னை ஓலையும், கல்தொட்டியைச் சுற்றிக் கோணிச் சாக்கும் போர்த்துவார். விடிந்ததும் வெயில் படும்படி சாக்கை விலக்குவார். சீமையில் மின்சாரம் வைத்து மீன்தொட்டியைச் சூடு பண்ணுகிறார்களாம் என்று என் வீட்டுக்காரர் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். "நீங்க பாத்தீங்களா? சூடு ஜாஸ்தியானா கொழம்புதான்" என்று அத்தை அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் குட்டை நிரம்பி வழிந்தது ஒரு தடவை. அடுத்த வாரம் தெருச் சாக்கடை முழுக்கச் சிவப்பு வால் மீன்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. "ஒங்க மீனுதானே?" என்று கேட்டார்கள். "எங்க மீனு மாதிரி இருக்குது. ஆனா அதுங்க போனத நான் பாக்கல" என்றார். அந்த மனுஷியை என்ன செய்வது?

பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம், அதற்குக் கொஞ்சம் முன்னால், அவருக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்தது. மாலி என்று ஒரு ஜாதி மீன். உடம்பு முழுக்கக் கரிக்கட்டைக் கறுப்பு. எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடித்துப்போனது. தொட்டியில் கூட்டத்தோடு இருப்பதால்தான் பார்க்க முடியவில்லை என்று ஒரே ஒரு பெண் மாலியைப் பிடித்து, மிட்டாய்க் கடையில் வாங்கின கண்ணாடி ஜாடியில் தனியாக விட்டார். கிணற்றடி மேடையில் ஜாடி. அதற்குள் வேலம்பாசி, அந்த ஒற்றை மாலி. அவ்வளவுதான்.

அது குட்டி போட்டது. அத்தை அப்போது மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். குட்டிகளை எடுத்துக் குட்டையில் விட்டுவிட்டு, மறுபடி காத்திருந்தார். கொஞ்ச நாளில் அதற்குத் திரும்பவும் வயிறு வைத்தது. அத்தைக்குக் கண் விரிந்துவிட்டது.

"சிதம்பரம், இங்க வா. இது தனியாத்தான இருக்குது? ஆம்பள மீனை நான் உள்ள வுடலயே. பின்ன எப்படி வயிறு?"

"முன்னாடி தொட்டியில இருந்தப்ப..."

"அதுக்கு ஒரு தடவதான் போட்டாச்சே! இது இன்னா கணக்கு?" அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை அவருக்கு. பெருக்கிக்கொண்டே வந்து ஜாடியைப் பார்ப்பார். "நாம பாக்காத நேரத்துல என்னமோ நடந்திருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எனக்கே ஆசை வந்துவிட்டது. நானும் காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தின நானா இது என்று எனக்கே ஆச்சரியம்.

இந்தச் சமயத்தில்தான் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் கொசுப்புழு மண்டிக் கிடந்தது. யானைக்கால் வியாதி பரவுகிறதென்று நகராட்சி ஆட்கள் வந்து கிணற்றில் மீன் விடுகிறோம் என்றார்களாம். அப்பா கதவைச் சாத்திவிட்டார். இதை அத்தையிடம் சொன்னேன். "நான் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். எங்கள் பேரில் கரிசனம் என்று எண்ணிவிடவேண்டாம். இருட்டுக் கிணற்றில் தன் மீன் பிழைக்கிறதா என்று பார்க்கவேண்டும் அவருக்கு.

ஒற்றை மாலிக்கு அப்போது வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. கிளம்ப மனசில்லை, போகாமலிருக்கவும் மனசில்லை. கடைசியில் புவனகிரியைக் கூப்பிட்டார். "நாளைக்கு சாயங்காலம் வந்துடுவோம். அதுவரைக்கும் இத வுட்டு கண்ண எடுக்காத. எப்படிப் போட்டுச்சுன்னு வந்து கேப்பேன்." எப்போதும் திறந்தே இருக்கும் ஜாடி. அன்றைக்கு மட்டும், தான் இல்லாத நேரத்தில் பூனை வாய் வைக்கப்போகிறதே என்று அரிசிச் சல்லடையை அதன் வாயில் கவிழ்த்துவிட்டு வந்தார். சதுர்த்தியன்றைக்குக் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், அத்தை, தூக்குவாளியில் கொஞ்சம் சிவப்பு வால் மீன்கள். பஸ்ஸில் கண்டக்டர் வாளியைப் பார்த்து, "கொழம்பு சிந்தாம புடிம்மா" என்றான்.

அப்பா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "நாளைக்குப் பிள்ளையாரைப் போடப்போற கெணறும்மா. அதுல மீனா?"

"கொசுப்புழுவ ஒண்ணு வுடாம தின்னுடுங்க" என்றார் அத்தை.

"தின்னட்டும். அது முட்டையிடுமே? முட்டை கெடந்த தண்ணியில ஸ்வாமிக்கு அபிஷேகம் பண்றதா?"

"முட்டை போட்டு நான் பாக்கலீங்க."

"பாக்கலையா? போடாதா?"

"குட்டிங்க ஓடுறதத்தான் பாத்திருக்கேன். முட்டைன்னு ஒண்ண இதுவரைக்கும் பாத்ததில்ல."

அப்பா தூணில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "இந்தா, முட்டை சம்பந்தமே இல்லையாம்!" என்றார்.

அம்மா கொழுக்கட்டை மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப சைவ மீனா?"

"ஏறக்குறைய" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் மண் பிள்ளையாரும் மீன்களும் ஒன்றாகக் கிணற்றுக்குள் போனார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது எதற்கு என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டு ஓய்ந்து, சாயங்காலம் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்ந்தோம். அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினார்.

சல்லடை கிணற்று மேடையில் தனியாகக் கிடந்தது. மாலிக்கு வயிறு ஒட்டிப்போயிருந்தது. பாசிக்குள் எள்ளைத் தூவினது போலக் கறுப்புக் குட்டிகள்.

"பாத்தியா?" அத்தை புவனகிரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அவள் முகம் சிவந்துபோயிற்று. "இல்லத்தை. நான் பாக்கல. அடுப்படியில இருந்தேன்."

"சல்லடைய யாரு எடுத்தது?"

"தெரியலத்தை."

"அடிப்பாவி, கண்ணு முன்னாடி வச்சிட்டுப் போனேன். அப்படி இன்னா வேலை ஒனக்கு?" என்று அத்தை அவளை வறுத்தெடுத்துவிட்டார். நாலைந்து நாள் விடவில்லை. அவளும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்புறம் சண்டை வந்தது. புவனகிரி சோறு தண்ணி இல்லாமல் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு அடியிலேயே கிடந்தாள். சண்டை நின்றது. புருஷன் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தது. தீபாவளி போன பிறகு ஒரு நாள் கொல்லையில் அவள் வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். அவள் புருஷன் சித்திரையில் லீவு முடிந்து போனவர். என் நாக்கு சும்மா இருக்குமா?

"அத்தை, புவனகிரிக்கு..."

"நீ பாத்தியா?"

"வாந்தி எடுத்ததப் பாத்தேன்."

"அப்ப வாந்தி எடுத்தான்னு சொல்லு. அதுக்கு மேல போவாத."

நான் போகவில்லை. அவள் வயிறுதான் அதற்கு மேல் போயிற்று. மார்கழியில் அவள் மாமியார், தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பார்த்தவுடனே விளங்கிவிட்டது அவளுக்கு. கிணற்றடிக்கே வந்து நின்று கத்தினாள்.

"எம் புள்ள சித்திரையில போனான். இன்னும் ஊரு திரும்பல. இவ வயித்தப் பாரு தம்பி. துணிமணிய எடுத்துக்கிட்டு ஏறுடி பஸ்சுல. ஒங்கப்பன் வூட்டு வாசல்ல தள்ளிட்டுத்தான் போவேன்."

புவனகிரி துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவரு வந்தாரு அத்தை. புள்ளையாரு சதுர்த்திக்கு மறுநா விடியக்காலம் வந்தாரு. வடக்க அனுப்பறதுக்கு முன்ன மெட்ராசுல நிறுத்தி வச்சிருந்தாங்களாம். சொல்லாமக் கொள்ளாம பண்ருட்டி லாரியில ஏறி வந்தாரு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டாரு. வெளிய தெரிஞ்சா பெரிய தண்டனை, மூச்சு வுடாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"கதை சொல்றா பாரு, கதை!"

"எழுதிக் கேட்டுடலாமே" என்று நான் குறுக்கே போனேன்.

"பட்டாளத்து லெட்டர பிரிச்சிப் படிச்சிட்டுத்தாம்மா குடுப்பாங்க" என்றார் மாமியாரின் தம்பி. "நெசமாவே வந்திருந்தான்னா அவன்ல மாட்டிக்குவான்."

"வந்திருந்தாத்தான?" மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினாள். "யாரு பாத்தா? இந்தத் தெருவுல ஒரே ஒருத்தர் சொல்லட்டும். யாரு பாத்தா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருந்தார். அவர் ஜாடிக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தார். போர்த்தி முடித்தார். திரும்பினார்.

"நான் பாத்தேன்."

மாமியாருக்கும் அத்தையைப் பற்றித் தெரியும். கண்ணால் காணாததைச் சொல்லாத மனுஷி என்பது புவனகிரி ஊர் வரைக்கும் பரவியிருந்த சங்கதி.

"நீங்களா? எம் புள்ளயவா?"

"ஆமா. கொல்லப் பக்கமா வந்தாரு."

"இன்னா சட்டை போட்டிருந்தான்?"

"சட்டைய நான் பாக்கல. ஒங்க புள்ளயத்தான் பாத்தேன்."

சதுர்த்திக்கு மறுநாள் விடியற்காலம் அத்தை எங்கே இருந்தார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கும் புவனகிரிக்கும்தான் தெரியும். சிதம்பரத்தில், என் அம்மா வீட்டுக் கூடத்தில், எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அந்தத் தம்பிக்காரர் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"அத்தை பாத்தேன்னு சொன்னா அதுல மறுபேச்சே இல்லீங்க. தெருவுல யார வேணா கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமியார் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். "சரி. இருக்கட்டும். எம் புள்ள வரட்டும். அவன் வாயால 'நான் வரல'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அன்னிக்கு இவளையும் வுட மாட்டேன், ஒங்களையும் வுட மாட்டேன்" என்றாள்.

அவர்கள் போனபின் நான் பொரிந்து தள்ளினேன். "என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க? நாம எங்க பாத்தோம்? அவ பொய் சொல்றாளோ, நெசம் சொல்றாளோ!"

அத்தை ஜாடியின் சாக்கை விலக்கினார். மாலி அடியில் அசையாமல் நின்றது.

"இதுக்கு எப்படி வயிறு வந்துச்சுன்னு நான் பாத்தேனா? பாக்கல. நான் பாக்கலன்னு இது குட்டி போடாம இருந்துச்சா?" சாக்கை மடித்துக் கிணற்று மேடையில் போட்டார். "அன்னிக்கு நாம வந்தப்ப அவ மொகம் சிவந்துதே, அத நீ பாத்தியா? நான் பாத்தேன். அத வச்சுத்தான் சொன்னேன்."

"அது போதுமா அத்தை?"

"போதாது" என்றார். அதுதான் அவர். அப்போதும் போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அத்தை 'நீ பாத்தியா' என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. தயிர்க்காரிக்குக் கொண்டாட்டம். கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்காமல் பேசுவாள். அத்தை தலையாட்டிக்கொண்டே தயிர் வாங்கிப் போவார். எந்த வம்புக்கு ஏங்கினேனோ அது நாள் தவறாமல் வாசலுக்கு வந்தது. எனக்கு ஒரு வார்த்தை ருசிக்கவில்லை. மாலி இன்னொரு தடவை குட்டி போட்டது. அத்தை போய் உட்காரக்கூட இல்லை. பட்டாளத்துக்காரர் வந்து இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? இந்த மனுஷியின் வார்த்தைக்கு அப்புறம் என்ன மதிப்பு? தில்லை நடராஜாவுக்கு வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. மாமியார் வந்து முகத்தை முகத்தைப் பார்த்தாள். "யாரு ஜாடையின்னே தெரியல" என்று சொல்லிவிட்டு, கையில் வாங்காமலேயே இருந்தாள்.

வைகாசி வெயிலில் ஒரு நாள் பச்சைத் தகரப் பெட்டியோடு பட்டாளத்துக்காரர் வந்து இறங்கினார். மாமியாரும் அவள் தம்பியும் அதற்காகவே வந்து காத்திருந்தார்கள். ஆளைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடவில்லை.

"டேய், புள்ளையாரு சதுர்த்திக்கு மறுநா நீ இங்க வந்தியா?"

அவர் மாமாவைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தைப் பார்த்தார். பட்டாளத்திலிருந்து நழுவி வந்ததை இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வார்? புவனகிரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அத்தை எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் நாரால் தொட்டியின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர் விறுவிறுவென்று கிணற்றடிக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். ஜாடிக்கு முன்னால் குனிந்தார்.

"இந்தக் கறுப்பு மீனு இன்னும் இருக்குதா அத்தை?"

தேய்க்கிற சத்தம் நின்றது.

"அன்னிக்கு இங்கதான் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னேன். இவ உள்ள காபி போட்டுக்கிட்டிருந்தா. சாடி மேல சல்லடை கவுத்து வச்சிருந்துச்சு. இன்னாடா இதுன்னு எடுத்து வச்சிட்டு எட்டிப் பாத்தேன். இந்த மீனு ஒண்டியா குட்டி போட்டுக்கிட்டிருந்துச்சு."

அத்தை திரும்பினார். நார் கையிலிருந்து விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. புவனகிரியே பார்க்காத காட்சி அது. அந்தச் சல்லடையை எடுத்தவர் யார் என்று எத்தனை நாள் அவளைப் போட்டு வறுத்திருப்பார்!

"நீ பாத்தியா?" என்றார். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வி! குரல் உடைந்துபோயிருந்தது. "குட்டி வெளிய வர்றத நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"தலை மொதல்லியா, வாலு மொதல்லியா?"

"எங்க தெரிஞ்சுது? சுருண்டு உருண்டையா வந்து உழுந்துச்சு. அடியில போறதுக்குள்ள நிமிந்து ஓடிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு."

"தாய் மீனு வலியில துடிச்சுதா?"

"துடிக்கல. ஒவ்வொண்ணுக்கும் லேசா ஒரு நடுக்கம். அவ்ளோதான்."

அத்தை துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் ஓடிற்று, தாய் திரும்பிப் பார்த்ததா என்று. அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் மாமியார் புவனகிரியிடம் போய், இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன்.

மறுநாள் காலையில் தயிர்க்காரி கூடையை இறக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"சேதி தெரியுமா? அந்தக் கறுப்பு மீனு குட்டிதான் போடுது."

தயிர்க்காரி விடுவாளா? இத்தனை வருஷம் காத்திருந்தவள் ஆயிற்றே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், "நீங்க பாத்தீங்களா?"

"புவனகிரி வூட்டுக்காரரு பாத்தாரு" என்றார் அத்தை. "நீ தயிர அள."